மெலான்சோன் வீட்டுப் பெண்கள்: நோவா ஸ்கோஷியாவில் ஆறு நாள்

முதல் நாள்: ஹாலிஃபாக்ஸ்

என் கணவரின் தாயாருக்கு வயது 78. அவரை நான் மாமி என்றே அழைக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தத் தமிழ்ச் சொல்லுக்குத்தான் அவர் திரும்பிப் பார்க்கிறார். நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்கே, பே சேன்-மரி என்ற விரிகுடாவை ஒட்டிய அக்காடியச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இருபது வயதில் வேலை தேடி மொன்றியலுக்கு வந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் மெலான்சோன்.

சென்ற குளிர்காலத்தில் அவருடைய அண்ணன் இறந்த பிறகு, அந்த வீட்டு அலமாரியிலிருந்து மடித்து வைத்த ஒரு தாள் கிடைத்தது. கீழிருந்து மேலாக ஆறு தலைமுறைகளின் ஆண்கள் பெயர் அதில் எழுதப்பட்டிருந்தது. ஆறாமவருக்கு மேலே ஒரு கேள்விக்குறி. தாளின் உச்சியில் "ஷார்ல், போர்-ராயல், 1664" என்ற ஒரே வரி. கேள்விக்குறிக்கும் உச்சிக்கும் நடுவே இரண்டு தலைமுறைகள் விடுபட்டிருந்தன. பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டு தலைமுறைகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மாமியின் விருப்பம். பெண்களின் பெயர்களையும் சேர்த்தே தேடுவோம் என்று நான் சொன்னேன். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

அக்காடியரைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1604ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கரைக்கு வந்து போர்-ராயல் குடியிருப்பை அமைத்தார்கள். 1630களிலிருந்து பிரான்சின் மேற்குப் பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கேயே வேரூன்றி, உவர்ச் சதுப்புகளை வயலாக்கி, தனியொரு மக்களாக வளர்ந்தன. அந்த நாடு பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே பலமுறை கைமாறி, 1713இன் யூட்ரெக்ட் உடன்படிக்கையால் பிரிட்டனுக்கு உரியதாயிற்று. 1755இல் தொடங்கி, பிரிட்டிஷ் அரசு அவர்களை ஊர் ஊராகப் பிடித்துக் கப்பலேற்றி அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு நாடு கடத்தியது. 1763 வரை அந்த நிலை நீடித்தது. நாடு கடத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். அக்காடியர்கள் இதைப் பெருங்குலைவு என்கிறார்கள். அதற்கு முடிவெடுத்த மன்றம் 1755 ஜூலை 28 அன்று கூடியது இந்த ஹாலிஃபாக்ஸ் நகரத்தில்தான்.

இன்று முழுவதும் மாநில ஆவணக் காப்பகத்தில் இருந்தோம். போர்-ராயலின் புனித யோவான் பங்கில், அதாவது அந்தத் தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியில், 1702 முதல் 1755 வரை எழுதப்பட்ட திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடு இங்கே காக்கப்படுகிறது. அதன் பக்கங்கள் படமாக்கப்பட்டு எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளன. பழைய பிரெஞ்சுக் கையெழுத்துக்குக் கண் பழகவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பழகிய பிறகு, ஒவ்வொரு பதிவும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பது புரிந்தது: நாள், குழந்தையின் பெயர், தகப்பன், தாய், ஞானத்தந்தை, ஞானத்தாய், எழுதத் தெரியாதவர்களின் கைக்குறிகள், கடைசியில் பாதிரியாரின் கையொப்பம்.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி ஒன்று உண்டு. திருமணமான பெண்ணும் இந்தப் பதிவேட்டில் தன் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்கிறாள். துகா வீட்டு மகள் மெலான்சோனை மணந்து, பத்துப் பிள்ளை பெற்று, எண்பது வயதில் இறந்தாலும் துகா என்றே எழுதப்படுகிறாள். அக்காலத்து ஆங்கிலப் பதிவுகளில் மனைவியின் பிறந்த வீடு பெரும்பாலும் மறைந்துவிடும். இங்கே அது மறைவதில்லை. ஆகவே தந்தை வழி அறுந்த இடத்தில் தாய் வழியைப் பிடித்து மேலே ஏற முடிகிறது.

தாளிலுள்ள ஆறாமவர் 1740களில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்று மாமியின் அண்ணன் பென்சிலால் குறித்திருந்தார். அந்தப் பத்தாண்டுகளில் அதே பெயரில் திருமுழுக்குப் பெற்ற மெலான்சோன் பையன்கள் இருவர் இருக்கிறார்கள். ஷார்லின் ஒரு மகனுக்குப் பேரன் ஒருவன். இன்னொரு மகனுக்குப் பேரன் மற்றவன். வயதால் இருவரையும் பிரித்தறிய முடியாது. மாமி இரண்டு பதிவுகளையும் தன் கையால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நகல் எடுத்துத் தருகிறேன் என்றேன். "நான் எழுதினால்தான் என் மனதில் நிற்கும்" என்றார்.

இரண்டாம் நாள்: கிராண்ட் பிரே

ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் தரை தட்டையாகிறது. ஒரு பக்கம் மைனஸ் குடா, மறுபக்கம் வைக்கோல் உருளைகள் கிடக்கும் பச்சை வயல், நடுவே புல் மூடிய நீண்ட மண்கரை. இந்த நிலத்தை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இங்கே ஊர் எழுந்தது 1680களில். முதலில் வந்து குடியேறியவர்களுள் ஷார்லின் அண்ணன் பியேர் மெலான்சோன் ஒருவர்.

மண்கரையின் மீது நின்று பார்த்தால்தான் இந்த மக்கள் செய்த வேலையின் அளவு புலப்படுகிறது. ஃபண்டி விரிகுடாவின் ஓதம் உலகிலேயே மிக உயரமானது. மைனஸ் குடாவில் கடல் நாளுக்கு இருமுறை பதினைந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். அக்காடியர்கள் சதுப்பைச் சுற்றி, புல்வேரோடு வெட்டியெடுத்த களிமண் கட்டிகளை அடுக்கிக் கரை எழுப்பினார்கள். கரைக்கு அடியில், ஓடைகள் கடலோடு சேரும் இடங்களில், குடைந்த மரத்தாலான மதகு ஒன்றைப் புதைத்தார்கள். அதனுள்ளே கீல் வைத்துத் தொங்கும் ஒரு பலகைக் கதவு இருக்கும். கடல் வற்றும்போது வயலின் மழைநீர் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது அதே கதவை உப்புநீர் அழுத்தி மூடிவிடும். இந்த மதகை அவர்கள் அபுவத்தோ என்பார்கள். கரை கட்டிய பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் மழை பெய்து உப்பைக் கழுவ வேண்டும். அதன் பிறகே விதைப்பு. இத்தகைய கரையை ஒரு குடும்பத்தால் தனியே கட்டவும் முடியாது, காக்கவும் முடியாது. ஓரிடத்தில் உடைந்தால் எல்லோருடைய வயலிலும் உப்பு ஏறும். ஆகவே உறவினர்கள் அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள், அடுத்தடுத்த வீடுகளிலேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு அக்காடியரிடையே ஏன் இத்தனை உறவுப் பின்னல் தென்படுகிறது என்பதற்கு இந்தக் களிமண்ணே பெரும்பாலும் விடை.

1755 செப்டம்பர் 5 அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, இவ்வூர்த் தேவாலயத்துக்கு ஆண்களும் பத்து வயதுக்கு மேற்பட்ட பையன்களும் அழைக்கப்பட்டார்கள். 418 பேர் வந்தார்கள். மாசசூசெட்ஸிலிருந்து வந்த படைத்தலைவர் ஜான் வின்ஸ்லோ, அவர்களுடைய நிலமும் வீடும் கால்நடையும் அரசருக்கு உரியவை என்றும், அவர்கள் நாட்டை விட்டு அகற்றப்படுவார்கள் என்றும் ஆணை வாசித்தார். கதவுகள் அடைக்கப்பட்டன. அக்டோபர் 8 அன்று கப்பலேற்றம் தொடங்கியது. இப்போது நிற்கும் நினைவு ஆலயம் 1922இல் எழுந்தது.

வின்ஸ்லோ ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். ஊர், குடும்பத் தலைவனின் பெயர், மகன்கள் எத்தனை, மகள்கள் எத்தனை, எருது எத்தனை, பசு எத்தனை, ஆடு, பன்றி, குதிரை எத்தனை என்று அதில் கட்டங்கள் உண்டு. மனைவியின் பெயருக்குக் கட்டம் இல்லை. மாமி அதன் நகலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் எழுதிய தாளும் அந்தப் பட்டியலைப் போலவே இருப்பதை நான் சொல்லவில்லை. அவர் கண்களும் அதைத்தான் கண்டன என்று நினைக்கிறேன்.

இவ்வூர்ப் பங்கின் பதிவேடு இன்று இங்கே இல்லை. நாடு கடத்தப்பட்டவர்கள் அதைத் தங்களோடு எடுத்துச் சென்றார்கள். 1707 முதல் 1748 வரையிலான பதிவுகள் அவர்களோடு அலைந்து, கடைசியில் லூயிசியானாவை அடைந்து, இப்போது பேட்டன் ரூஜ் மறைமாவட்டக் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டிலிருந்து கையில் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள முடிந்த அந்த அவசரத்தில், இந்த ஏடுகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் யாராக இருந்தாலும் அவரை நான் வணங்குகிறேன்.

மாலையில் ஹார்ட்டன் கரையிலுள்ள நாடுகடத்தல் சிலுவை வரை நடந்தோம். கடல் வற்றியிருந்தது, செம்மண் சேறு மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மின்னியது.

மூன்றாம் நாள்: அன்னபோலிஸ் ராயல்

பழைய போர்-ராயல் இதுதான். 1710இல் பிரிட்டிஷ் படையிடம் வீழ்ந்த பிறகு, ஆன் அரசியின் பெயரால் அன்னபோலிஸ் ராயல் ஆயிற்று. ஊர் நடுவே கோட்டையின் புல்மேடுகள். அவற்றை ஒட்டிக் கல்லறைத் தோட்டம்.

கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு ஓர் எண்ணம் இருந்தது. ஷார்லின் மனைவி மரி துகா 1737இல் ஏறத்தாழ தொண்ணூறு வயதில் இறந்தவர். இந்தப் பங்கைச் சேர்ந்தவர்களின் அடக்க நிலம் இந்தப் பகுதியில்தான் இருந்தது. ஆனால் இங்கே நிற்கும் கற்களெல்லாம் ஆங்கிலேயருடையவை. அவற்றுள் மிகப் பழையது பெத்தையா டக்ளஸ் என்ற பெண்ணுக்கு 1720இல் நாட்டப்பட்டது. அக்காடியர்கள் மரச்சிலுவை நாட்டினார்கள். மரம் மக்கிப் போயிற்று. எங்கள் காலடியில் எந்த இடத்தில் யார் என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. மாமி புல்லில் நின்று செபமாலை ஒன்றை முழுவதுமாகச் சொல்லி முடித்தார். நான் சற்றுத் தள்ளி, ஆற்றைப் பார்த்து நின்றிருந்தேன்.

அந்த ஆற்றில்தான் 1755 டிசம்பர் 8 அன்று இப்பகுதி மக்கள், ஏறத்தாழ 1,660 பேர், ஏழு கப்பல்களில் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூயார்க், கரோலினாக்கள் என்று கப்பல்கள் பிரிந்தன. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் வேறு வேறு துறைமுகங்களில் இறக்கப்பட்டார்கள். பெம்பிரோக் என்ற கப்பல் மட்டும் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. காற்றில் அது மற்றக் கப்பல்களைப் பிரிந்ததும், உள்ளே இருந்த 200க்கும் மேற்பட்ட அக்காடியர்கள் மாலுமிகளை மடக்கிக் கப்பலைத் திருப்பினார்கள். பே சேன்-மரியில் சிலகாலம் ஒதுங்கியிருந்து, 1756 தொடக்கத்தில் செயின்ட் ஜான் ஆற்றுக்குத் தப்பினார்கள். மாமிக்கு இந்தக் கதை சிறுவயதிலேயே தெரியும். ஆனால் அந்தக் கப்பல் எங்கிருந்து புறப்பட்டது என்பதை இன்றுதான் கண்ணால் கண்டார்.

எங்கள் ஆறாமவர் அதில் இல்லை. அவர் மாசசூசெட்ஸ் போய்த் திரும்பியவர் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அப்போது அவருக்குப் பத்து வயது இருக்கும்.

நான்காம் நாள்: மெலான்சோன் குடியிருப்பு

ஆற்றைக் கடந்து வடகரைச் சாலையில் சென்றால், ஓரிடத்தில் தேசியப் பூங்காத் துறையின் பலகை நிற்கிறது. அங்கிருந்து ஒரு நடைபாதை உவர்ச் சதுப்பைப் பார்த்தபடி செல்கிறது. வீடு எதுவும் இல்லை. ஷார்ல் மெலான்சோனும் மரி துகாவும் 1664 வாக்கில் இங்கே குடியேறினார்கள். நான்கு தலைமுறைகள் வாழ்ந்தன. 1755இல் எல்லாம் முடிந்தது. 1708இல் வரையப்பட்ட ஒரு வரைபடம் இந்த வீடுகளைக் காட்டுகிறது. 1980களில் தொல்லியலாளர்கள் அகழ்ந்தபோது அவற்றின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. சதுப்பின் விளிம்பில் பழைய கரையின் மேடு இன்றும் தெரிகிறது. தெரிந்தவர் காட்டினால்தான் தெரியும்; அப்படி மெலிந்துவிட்டது.

மாமி ஒரு பெஞ்சில் அமர்ந்ததும், நான் 1671ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை வாசித்துக் காட்டினேன். அக்காடியாவின் முதல் குடிக்கணக்கு அது. லோரான் மொலான் என்ற துறவி வீடு வீடாகப் போய் எடுத்தது. ஷார்ல், வயது 28, மனைவி மரி துகா, வயது 23, குழந்தைகள் நால்வர். மரியின் தகப்பன் ஆபிரகாம் துகா துப்பாக்கிக் கொல்லர். இதே கணக்கில் பீப்பாய் செய்யும் பியேர் லானூ, தாம் நலமாக இருப்பதாகவும் வயதைச் சொல்ல விரும்பவில்லை என்றும் விடை கூறியிருக்கிறார். எத்தியேன் ரோபிஷோ, மாடுகளின் கணக்கைத் தரமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வீட்டை விட்டே போய்விட்டார். ஷார்லின் அண்ணன், தையற்காரரான பியேர் மெலான்சோன், வயதும் சொல்லவில்லை, மாடும் நிலமும் சொல்லவில்லை. அவர் மனைவியோ, இப்படிப்பட்டவற்றுக்காகத் தெருத்தெருவாக ஓட உமக்குப் பைத்தியமா என்று அந்தத் துறவியையே கேட்டுவிட்டார். துறவி அதையும் மறைக்காமல் எழுதி வைத்தார். மியு தாந்திரமோன் குடும்பத்தில் பிறந்த அந்தப் பெண்ணின் குரல் முந்நூற்றைம்பது ஆண்டு கழித்து இந்தச் சதுப்பின் காற்றில் எங்களுக்குக் கேட்டது. அரசுக்குக் கணக்குக் கொடுத்தால் வரி வரும் என்பதை அறிந்த உழவர் வீட்டுக் குரல் அது. மாமியும் அப்படித்தான் பேசுவார்.

அதன் பிறகு, மூன்று நாளாக என் மனதில் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. மாமியின் வீட்டில் எல்லோரும் நம்பி வந்தது, தங்கள் முன்னோர் தூய பிரெஞ்சுக்காரர், கத்தோலிக்கர், லா ரோஷெல் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர் என்பது. ஆவணங்கள் வேறு சொல்கின்றன. ஷார்லின் தகப்பன் பியேர் லவெர்தூர் பிரெஞ்சுக்காரர்தான். ஆனால் புரட்டஸ்தாந்தர், இங்கிலாந்தில் வாழ்ந்தவர். தாய் பிரிசில்லா ஆங்கிலப் பெண். 1654இல் இங்கிலாந்து அக்காடியாவைப் பிடித்த பிறகு, 1657இல் ஆளுநர் தாமஸ் டெம்பிளின் கப்பலில் மூன்று மகன்களோடு இந்தக் குடும்பம் வந்தது. நாடு மறுபடி பிரான்சின் கைக்குத் திரும்பியதும், புரட்டஸ்தாந்தரான பெற்றோர் அஞ்சி, கடைசி மகனோடு பாஸ்டனுக்குப் போய்விட்டார்கள். பியேரும் ஷார்லும் அக்காடியப் பெண்களை மணந்து இங்கேயே நின்றுவிட்டார்கள். லவெர்தூர் என்ற பெயர் மூத்தவருக்கு ஒட்டுப்பெயராக மட்டும் மிஞ்சியது. மெலான்சோன் என்ற பெயர் தாயின் வழியாக வந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நாடு கடத்தப்பட்டு, இங்கிலாந்தில் அடைபட்டு, பிறகு பிரான்சின் பெல்-ஈல் தீவில் குடியமர்த்தப்பட்ட அக்காடியர்கள் 1767இல் தங்கள் வம்சத்தை வாய்மொழியாகக் கூறிப் பதிவு செய்தபோது, மெலான்சோன் குடும்பத்தின் முதல்வரை ஸ்காட்லாந்துக்காரர் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒரு வேர் உண்டு என்ற நினைவு நூறாண்டு கழித்தும் அவர்களிடம் இருந்திருக்கிறது. பிறகு எங்கோ அது மறக்கப்பட்டுவிட்டது.

மாமி வெகுநேரம் எதுவும் பேசவில்லை. கடல் ஏறிக்கொண்டிருந்தது, சேற்றின் வாய்க்கால்களில் நீர் மெல்ல உள்ளே வந்தது.

"அப்படியானால் எங்களைக் கப்பலேற்றியவர்களும் அவளுடைய ஆட்கள்" என்றார்.

"ஆம், மாமி."

"இரண்டு பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுப் போனாளா?"

அவர்கள் அப்போது வளர்ந்த ஆண்கள், மணமானவர்கள் என்று நான் சொன்னேன். அது தமக்கும் தெரியும் என்பது போல் அவர் கையசைத்தார். பாஸ்டனில் அவள் என்ன ஆனாள் என்று கேட்டார். கணவன் இறந்த பிறகு, 1670களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் அரசுக்கு அவள் எழுதிக் கொடுத்த மனு ஒன்று இருப்பதையும், பின்னர் ஓர் ஆங்கிலேயரை மணந்ததையும் சொன்னேன். "மனு எழுதியிருக்கிறாள்" என்று இரண்டு முறை சொன்னார் மாமி. குறிப்பேட்டை எடுத்து, முதல் நாள் எழுதிய பக்கத்தைத் தாண்டி, ஒரு புதிய பக்கத்தில் பிரிசில்லா என்று எழுதினார்.

திரும்பும் முன், சற்றுத் தொலைவிலுள்ள போர்-ராயல் மரக்கோட்டையையும் பார்த்தோம். 1605இல் கட்டப்பட்டு, 1613இல் எரிக்கப்பட்டதை அரசு 1939-40இல் அதே இடத்தில் மீண்டும் எழுப்பியிருக்கிறது. அழகான கட்டடம். ஆயினும் எங்கள் மனம் வெறும் புல்லாக இருந்த அந்தச் சதுப்பிலேயே நின்றுவிட்டது.

ஐந்தாம் நாள்: பே சேன்-மரி வரை

நாள் முழுவதும் மழை. டிக்பி வழியாக விரிகுடாக் கரையோரம் தெற்கே வந்தோம். 1764இல் அக்காடியர்கள் திரும்பிக் குடியேற அனுமதி கிடைத்தபோது அவர்களுடைய பழைய வயல்களில் நியூ இங்கிலாந்துக்காரர்கள் அமர்ந்துவிட்டிருந்தார்கள். 1768 முதல் திரும்பியவர்களுக்குக் கிடைத்தது இந்தக் கல்லும் காடும் நிறைந்த கரை. மதகு கட்டியவர்கள் மீனவர்களானார்கள். வீடுகளின் முன்னே நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டைகளோடு, நீலப் பட்டையில் மஞ்சள் நட்சத்திரம் பதித்த அக்காடியக் கொடிகள் நனைந்து தொங்கின. இரவில் ராப்பூர் சாப்பிட்டோம்: உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, கோழிச்சாறு ஊற்றி, இறைச்சியோடு அடுக்கிச் சுடுவது. பரிமாறிய பெண்ணோடு மாமி இவ்வூர்ப் பேச்சில் பேசினார். மொன்றியலில் ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்த அந்தப் பழைய வினைமுற்றுகள் எல்லாம் ஒரு வேளை உணவுக்குள் அவர் நாவுக்குத் திரும்பின.

ஆறாம் நாள்: தேவாலய முனை

இவ்வூரின் சேன்-ஆன் பல்கலைக்கழகத்தில் அக்காடிய மையம் என்ற காப்பகம் உள்ளது. காலை முதல் அங்கே இருந்தோம்.

ஆறாமவரின் பிரச்சினை இதுதான். 1755க்குப் பிறகு போர்-ராயல் பதிவேடு இல்லை. மாசசூசெட்ஸில் கத்தோலிக்கப் பாதிரியார் இல்லை. அங்கே வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களைச் சாட்சி வைத்து மணந்துகொண்டார்கள். திரும்பி வந்த பிறகு, 1768 முதல் 1772 வரை நோவா ஸ்கோஷியாவில் பணியாற்றிய பாய்யி பாதிரியார் கரையோரமாகச் சென்று, அந்தத் திருமணங்களை உறுதிப்படுத்தி, பிறந்திருந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். ஆறாமவரின் திருமணப் பதிவில் கணவன், மனைவி, குழந்தைகள் ஆகியோரின் பெயர்கள் மட்டும் இருந்தன. பெற்றோர் பெயர் இல்லை. 1799இல் பிரெஞ்சுக்காரரான சிகோன் பாதிரியார் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் இக்கரையில் முறையான ஏடு தொடங்குகிறது. அதில் ஆறாமவரின் அடக்கம் இருக்கிறது. அங்கும் பெற்றோர் பெயர் இல்லை.

மதியத்துக்கு மேல், ஆறாமவருடைய மகனின் திருமணப் பதிவை எடுத்தோம். நாங்கள் மணமகனைத் தேடி வந்தோம். விடை மணமகளிடம் இருந்தது. மணமகளின் தாய் பிறப்பால் மெலான்சோன் என்று சிகோன் பாதிரியார் எழுதியிருந்தார். அடுத்த வரியில், இருவருக்கும் மூன்றாம் படி இரத்த உறவு இருப்பதால் விதிவிலக்கு அளித்து மணம் செய்வித்ததாக எழுதியிருந்தார்.

அக்காலத்துத் திருச்சபை நான்காம் படி வரையிலான உறவில் மணத்தைத் தடுத்தது. மீறி மணக்க விலக்குப் பெற வேண்டும். படியைப் பொது முன்னோரிலிருந்து கீழே எண்ணுவார்கள். இதை விளக்கத் தமிழ்ச் சொற்களே எனக்குப் போதுமாக இருந்தன. இரண்டாம் படி என்றால் இருவருக்கும் பாட்டன் ஒருவர். மூன்றாம் படி என்றால் பூட்டன் ஒருவர். நான்காம் படி என்றால் ஓட்டன் ஒருவர். மணமகளின் தாய்க்குப் போர்-ராயல் பதிவேட்டில் திருமுழுக்கு இருக்கிறது. அந்தப் பெயரில் வேறு எவரும் இல்லை. அவள் யாருடைய மகள், யாருடைய பேத்தி என்பதில் ஐயமில்லை. மணமகனின் தகப்பன், அதாவது எங்கள் ஆறாமவர், அதே பாட்டனின் பேரனாக இருந்தால் மணமக்களுக்குப் பூட்டன் ஒருவர் ஆவார். உறவு மூன்றாம் படி. ஷார்லின் இன்னொரு மகனுடைய பேரனாக இருந்திருந்தால், பொது முன்னோர் ஷார்ல்தான். உறவு நான்காம் படி என்று எழுதப்பட்டிருக்கும். ஏடு மூன்று என்கிறது.

அவசரப்படக் கூடாது என்று, மணமக்களின் மற்ற முன்னோர்களையும் எடுத்து, வேறு வழியில் மூன்றாம் படி உறவு வருகிறதா என்று மூன்று மணி நேரம் சரிபார்த்தோம். வரவில்லை. காப்பகத்தில் பணிபுரியும் அம்மையாரும் கட்டம் வரைந்து எண்ணிப் பார்த்து, தலையசைத்தார். இல்லாமற்போன ஏடுகளின் இடத்தை இந்த விலக்குகளைக் கொண்டுதான் இவர்கள் நிரப்புகிறார்கள். ஒரே வளைவில் அடுத்தடுத்த வீடுகளில் மணந்த சமூகத்தில், அந்த மணங்களைக் கட்டுப்படுத்த எழுதப்பட்ட எண்ணே பிற்காலத்தில் வழிகாட்டுகிறது.

கேள்விக்குறியை மாமி அழிக்கவில்லை. அதன் மேல் பெயரை எழுதினார். அதன் மேல் அடுத்த பெயரை எழுதினார். பிறகு ஒவ்வொரு ஆணின் பெயருக்குப் பக்கத்திலும் மனைவியின் பெயரைப் பிறந்த வீட்டோடு எழுதத் தொடங்கினார். ஷார்லுக்குப் பக்கத்தில் மரி துகா. இவ்வூரில் ஒருவரைக் குறிக்க, பியேர் ஆ ஜான் ஆ போல் என்பார்கள். போலின் மகனான ஜானின் மகன் பியேர் என்பது பொருள். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொள்ளும் எங்கள் வழக்கத்துக்கு இது எவ்வளவு நெருக்கம் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். இரண்டிலும் தாய்மார் இல்லை என்பது இன்றுதான் என் மனதில் உறைத்தது.

காப்பகத்துக்கு அருகிலேயே புனித மரியா தேவாலயம் நிற்கிறது. 1903 முதல் 1905 வரை கட்டப்பட்டது. வட அமெரிக்காவின் மிகப் பெரிய மரத் தேவாலயங்களுள் ஒன்று. கோபுரம் 56 மீட்டர் உயரம். கடற்காற்றில் ஆடாதிருக்க அதன் அடியில் 40 டன் கல் நிரப்பியிருக்கிறார்கள். இதைக் கட்டிய தலைமைத் தச்சர் லேயோ மெலான்சோன் எழுதப் படிக்கத் தெரியாதவர். மாமிக்குத் திருமுழுக்கு நடந்தது இங்கேதான். சில ஆண்டுகளாக வழிபாடு இல்லை. பழுது பார்க்கப் பெருந்தொகை வேண்டும், கதவு பூட்டியிருந்தது. மாமி சுவரின் மரச்சில்லுகளைக் கையால் தடவிக்கொண்டே கட்டடத்தை ஒரு முறை சுற்றி வந்தார்.

மாசசூசெட்ஸ் ஆவணக் காப்பகத்தில் அக்காடியரைப் பற்றி இரண்டு தொகுதிகள் இருக்கின்றன: எந்த ஊர் எந்தக் குடும்பத்துக்கு விறகும் உணவும் கொடுத்துக் கணக்குக் காட்டியது, எந்தத் தகப்பன் தன் பிள்ளைகளைப் பறித்து வேலைக்கு வைத்ததை எதிர்த்து மனுக் கொடுத்தான் என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. பத்து வயதுப் பையனாக ஆறாமவர் எந்த ஊரில் இறக்கப்பட்டார் என்பதை அங்கே தேட வேண்டும். வசந்தத்தில் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

இரவு, விடுதி அறையிலிருந்து மாமி மாங்க்டனிலுள்ள தன் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு 84 வயது, காது மந்தம். தாளில் விடுபட்ட இரண்டு பெயர்களையும் மாமி உரக்கச் சொன்னார். அக்கா எழுதிக்கொண்டார். பிறகு, முதலில் வந்த பெண் ஓர் ஆங்கிலப் பெண் என்று சொன்னார். மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று மாமி என்னைப் பார்த்தார். அதன் பிறகு அக்காவின் குரல் அறை முழுவதும் கேட்டது: "பெயர் என்ன?"

மாமி பெயரைச் சொன்னார். அக்காவுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, மறுபடியும் சொன்னார்.